அதிகாரத்துக்கு வேலி: போப் தேர்விலிருந்து நம் மஹல்லா வரை



2025 மே 8, வியாழக்கிழமை. நம் நாட்டு நேரம் இரவு ஒன்பதரை மணியைத் தாண்டிய வேளையில், வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயப் புகைபோக்கியிலிருந்து வெண்புகை எழுந்தது. மறுநாள் தருமபுரியில் ஜும்ஆ முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது, அதுவே பேச்சாக இருந்தது. “அவர் எதைச் சொன்னாலும் அவர்களுக்கு வேதம்” என்றார் ஒருவர். “ஹராமை ஹலாலாக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டாம்” என்றார் மற்றொருவர். மறுத்துச் சொல்ல எங்களில் எவருக்கும் விவரம் தெரியவில்லை.

அறிவில்லாத ஒன்றைப் பின்தொடராதீர் என்று திருக்குர்ஆன் (17:36) நமக்குக் கட்டளையிடுகிறது. நம் பிள்ளைகளில் பலர் கன்னியர் நடத்தும் பள்ளிகளில் படிக்கின்றனர். கத்தோலிக்கக் குடும்பங்கள் நம் அண்டை வீட்டார். அவர்களுடைய மார்க்கத்தைப் பற்றி அரைகுறைச் செய்தியை நம் நாவால் பரப்புவது நமக்குத் தகுமா? ஆகவே தேடிப் படித்தோம். படித்ததில் ஒரு பகுதி நம்மை நோக்கியே கேள்வி கேட்டது.

முதலில் பெயர். ‘போப்பாண்டவர்’ என்ற சொல்லைக் கேட்டதும், ஒரு மனிதரை இறைவனாக்கிவிட்டார்களே என்று நம்மில் சிலர் முகம் சுளிப்பதுண்டு. தமிழில் ‘ஆண்டவர்’ என்பது ஆள்பவர், பெரியவர் என்ற மரியாதைப் பொருளிலும் வழங்கும் சொல். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களை ‘நாகூர் ஆண்டவர்’ என்று நம்மவர்களே அழைத்ததை மறந்துவிட முடியாது. இன்று தமிழ்க் கத்தோலிக்கர் பெரும்பாலும் ‘திருத்தந்தை’ என்றே எழுதுகின்றனர்.

இனி, தேர்வு முறை. ஒரு போப் மரணித்தாலோ பதவி விலகினாலோ, எண்பது வயதை எட்டாத கர்தினால்கள் மட்டும் கூடி வாக்களிக்கின்றனர். வெளியுலகத் தொடர்பு முற்றிலும் துண்டிக்கப்படுகிறது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். உனக்கு நான், எனக்கு நீ என்று முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் செல்லாது என்று அவர்களின் சட்டம் கூறுகிறது. 2025-ல் 133 பேர் வாக்களித்தனர். 89 வாக்குகள் தேவைப்பட்டன. இரண்டாம் நாளில், நான்காம் சுற்றில், அமெரிக்காவில் பிறந்து பெரு நாட்டில் ஆயராகப் பணியாற்றிய ராபர்ட் பிரீவோஸ்ட் தேர்வாகிப் பதினான்காம் லியோ என்ற பெயரைச் சூடினார்.

இந்தக் கட்டுப்பாடுகள் பட்டறிவில் விளைந்தவை. 1268-ல் ஒரு போப் மரணித்தபின், இத்தாலியின் விதெர்போ நகரில் கூடிய கர்தினால்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முடிவெடுக்காமல் இழுத்தடித்தனர். பொறுமையிழந்த ஊரார் அவர்களைப் பூட்டிவைத்தனர், உணவையும் குறைத்தனர். 1271-ல் ஒருவழியாகத் தேர்வான பத்தாம் கிரகோரி, 1274-ல் பூட்டிய அறைத் தேர்தலையே சட்டமாக்கினார்.

இத்தேர்தலில் இந்தியாவிலிருந்து நால்வர் வாக்களித்தனர்: கோவாவின் பிலிப் நேரி பெராவோ, திருவனந்தபுரத்தின் பசேலியோஸ் கிளீமிஸ், ஐதராபாத்தின் அந்தோணி பூலா, வத்திக்கானில் பணியாற்றும் கேரளத்தவரான ஜார்ஜ் கூவக்காட். மும்பையின் ஆசுவால்டு கிரேசியஸ் எண்பதைக் கடந்துவிட்டதால் வாக்களிக்க இயலவில்லை. தமிழகத்திலிருந்து எவரும் இல்லை.

நம் மாவட்டத்துக் கத்தோலிக்கருக்கு இதில் நேரடிப் பங்கு ஏதுமில்லை; ஆயினும் அதன் விளைவு அவர்களின் வாசல் வரை வருகிறது. சேலம் மறைமாவட்டத்திலிருந்து தருமபுரியைப் பிரித்துத் தனி மறைமாவட்டமாக்கியவர் போப் இரண்டாம் ஜான் பால், ஆண்டு 1997. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அதற்குள் அடங்கும். முதல் ஆயர் ஜோசப் அந்தோணி இருதயராஜ். அவருக்குப்பின் 2014-ல் லாரன்ஸ் பயஸ் அவர்களை நியமித்தவர் போப் பிரான்சிஸ். ஊர் மக்கள் கூடி ஆயரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ரோமிலிருந்து நியமனம் வருகிறது. ஆனால் அந்த ஆயரும் எழுபத்தைந்து வயதானதும் விலகல் கடிதம் தரவேண்டும் என்பது விதி.

அப்படியானால் போப்பின் அதிகாரத்துக்கு எல்லையே இல்லையா? நிர்வாகத்தில் அவருக்கு மேல் யாருமில்லை என்பது உண்மை. அவரை விசாரிக்கும் நீதிமன்றம் திருச்சபைக்குள் கிடையாது. வாக்களிக்கும் கர்தினால்களை நியமிப்பவரும் போப்தான். 2025-ல் வாக்களித்த 133 பேரில் 108 பேர் பிரான்சிஸ் நியமித்தவர்கள். போதனையில் நிலை வேறு. ‘தவறா வரம்’ என்ற கோட்பாடு 1870-ல் முதல் வத்திக்கான் சங்கத்தில் வரையறுக்கப்பட்டது. விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி, முழுத் திருச்சபைக்கும் இறுதி முடிவாக அவர் அறிவிக்கும்போது மட்டுமே அது பொருந்தும். அதன்பின் அவ்வாறு முறைப்படி அறிவித்தது 1950-ல் ஒரேயொரு முறை. புதிய வேதத்தைக் கொண்டுவர அவருக்கு உரிமையில்லை. முன்பே வந்ததைக் காப்பதே அவர் பணி என்று அதே சங்கம் எழுதிவைத்தது. அவர் பாவமற்றவர் என்றும் அவர்கள் சொல்வதில்லை. 2014-ல் பேதுரு பேராலயத்தில், எல்லோரும் காணும்படி, போப் பிரான்சிஸ் ஒரு சாதாரணக் குருவின் முன் மண்டியிட்டுப் பாவ அறிக்கை செய்தார்.

தேநீர்க் கடையில் நாம் கேட்டது முழு உண்மையன்று என்பது இதனால் விளங்கும்.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை மூடி மறைக்க வேண்டியதில்லை. இஸ்லாத்தில் குருத்துவம் இல்லை. அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே பாவமன்னிப்பு வழங்கும் மனிதர் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப்பின் தவறவே முடியாத வாக்கு எவருடையதும் இல்லை. கிறிஸ்தவராக இருந்து இஸ்லாத்தைத் தழுவிய அதீ இப்னு ஹாத்திம் (ரலி), அறிஞர்களையும் துறவிகளையும் இறைவர்களாக்கிக்கொண்டோரைப் பற்றிய வசனத்தை (9:31) நபியவர்கள் ஓதக் கேட்டார்கள். அவர்கள் விலக்கியதை விலக்கியதாகவும், அனுமதித்ததை அனுமதியாகவும் கேள்வியின்றி ஏற்பதே அவர்களை வணங்குவதாகும் என்பது நபியவர்கள் தந்த விளக்கத்தின் சாரம். திர்மிதீயில் இது பதிவாகியுள்ளது.

இந்த வசனத்தை நாம் பிறரை நோக்கியே ஓதிப் பழகிவிட்டோம். நம்மை நோக்கி ஒருமுறை ஓதிப் பார்ப்போம். ஆதாரம் கேட்டால், “ஹஜ்ரத்தே சொல்லிவிட்டார், பிறகென்ன கேள்வி” என்று வாயடைப்பது நம் வீடுகளில் நடக்கவில்லையா? வாட்ஸ்அப்பில் வந்த பயானை ஃபத்வாவாக எடுத்துக்கொள்ளவில்லையா?

தலைமைத் தேர்விலும் நம் முன்னோர் நமக்கு முறை வைத்துச் சென்றனர். அபூபக்ர் (ரலி) பொறுப்பேற்ற அன்றே, நேர்வழியில் நடந்தால் உதவுங்கள், தவறினால் திருத்துங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். படுகாயமுற்றுக் கிடந்த உமர் (ரலி), ஆறு நபித்தோழர்களைக் குறித்து அவர்களுக்குள் ஒருவரைத் தேர்வு செய்யச் சொன்னார்கள். தம் மகன் அப்துல்லாஹ் ஆலோசனையில் இருக்கலாம், ஆட்சிப் பொறுப்பில் அவருக்குப் பங்கில்லை என்றும் விதித்தார்கள்.

இன்று நம் மஹல்லாக்களில் என்ன நிலை? நாம் அறிந்த ஒரு ஜமாஅத்தில் கடைசியாகப் பொதுக்குழு கூடியது எப்போது என்று கேட்டால், மூத்தவர்களுக்கே நினைவில்லை. தந்தைக்குப்பின் மகன் பொறுப்பேற்றார். எவரும் வாய் திறக்கவில்லை. முத்தவல்லி ஆண்டுதோறும் வக்ஃபு வாரியத்துக்குக் கணக்கு அளிக்கவேண்டும் என்று 1995-ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டம் சொல்கிறது. அக்கணக்கைச் சந்தா செலுத்தும் ஜமாஅத்தார் எத்தனை ஊர்களில் கண்ணால் கண்டிருக்கின்றனர்? ரோமில் நடப்பதை விமர்சிக்கும் நாம், நம் மஸ்ஜிதின் இரும்புப் பெட்டியைப் பற்றிக் கேட்கத் தயங்குகிறோம்.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில், சண்டைக்காக அன்றி அமானிதத்துக்காக, மூன்று கேள்விகளை அடக்கமாக முன்வைப்போம். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் விதி எழுத்தில் உள்ளதா? பதவிக்காலம் எத்தனை ஆண்டு? வரவு செலவு எப்போது வாசிக்கப்படும்? நிர்வாகிகளில் பெரும்பாலோர் நல்லவர்களே. தம் நேரத்தையும் பொருளையும் தந்து உழைப்பவர்கள். எழுதிய விதி அந்த நல்லவர்களை அவதூறிலிருந்தும் காக்கும்.

அண்டை வீட்டாரைப் பற்றி உண்மையைப் பேசவும், நம் வீட்டைச் சீர்செய்யவும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.