காய்ச்சுபவரும் பனைத் தொழிலாளிதான்

பிரெஞ்சு ஓவியர் கமீல் பிசாரோ 1886-இல் வரைந்து முடித்த ஆப்பிள் அறுவடை ஓவியம் ஜப்பானின் ஓஹாரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு பெண் நீண்ட கம்பால் பழம் தட்டுகிறார். இன்னொருவர் குனிந்து பொறுக்குகிறார். தோட்டத்தின் உரிமையாளர் படத்தில் இல்லை. உழைப்பவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

நம்மிடமும் இப்படி ஓர் ஓவிய மரபு உண்டு. ஆங்கிலேயருக்காகத் தஞ்சை, திருச்சி ஓவியர்கள் ஒவ்வொரு தொழிலாளரையும் தம்பதியாக வரைந்தார்கள். பனையேறி கருவிகளோடு நிற்பார். அருகில் மனைவியும் நிற்பார். இன்றைய புகைப்படங்களிலோ மரத்தின் மேல் ஆண் மட்டும்தான்.

குலசேகரன்பட்டினம், உடன்குடி வட்டாரத் தேரி மண்ணில் பனைத் தொழில் பாளை சீவுவதோடு முடிவதில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீரை அன்றே காய்ச்சியாக வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பதநீர் வேண்டும். கோடை வெயிலில், விடிலிக்குள் அடுப்பு முன் நின்று, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றுவது பெரும்பாலும் பெண்கள். ஒரு பதம் தவறினால் அன்றைய ஏற்றம் அத்தனையும் வீண்.

உடன்குடி கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. ஆனால் சீனி கலந்த சரக்கு மலிவாக விற்கும் சந்தையில், விறகுச் செலவும் அடுப்படி உழைப்பும் அசல் கருப்பட்டியின் விலையில் ஏறுவதில்லை. கூலி கட்டாமல் பெண்கள் அடுப்பை விட்டால், பதநீரை வைத்துக்கொள்ள வழியின்றிப் பனையேறியும் ஏறுவதை நிறுத்துவார். ஏறாத பனை செங்கல் சூளைக்குத்தான் போகும். வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்ற விதி மட்டும் மரத்தைக் காக்காது, வருமானமே காக்கும்.

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஊரின் பெயர் உலகுக்குத் தெரியப்போகிறது. அதற்குள் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். காய்ச்சும் பெண்களைத் தனித் தொழிலாளராக நல வாரியத்தில் விடுபடாமல் பதிய வேண்டும். விறகு குறைவாகப் பிடிக்கும், புகை வெளியேறும் அடுப்புகளை மானியத்தில் தர வேண்டும். சீனிக் கலப்பைச் சந்தையிலேயே சோதிக்க வேண்டும்.

வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை: கருப்பட்டி மிக மலிவாகக் கிடைத்தால், எப்படிக் கட்டுபடியாகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.