ரக்பிக்குத் தரும் நற்சான்றிதழ்

2015 ரக்பி உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்து வீரர் ஸ்டூவர்ட் ஹாக் மோதலில் விழுந்த விதம் நடுவர் நைஜல் ஓவன்ஸுக்குப் பிடிக்கவில்லை. இப்படி விழுவதென்றால் இரண்டு வாரம் கழித்து இங்கே வந்து ஆடு என்று கடிந்துகொண்டார். ஆட்டம் நடந்த இடம் நியூகாசில் கால்பந்து அணியின் மைதானம். நடுவரிடம் மைக் இருந்ததால் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கும் அது கேட்டது. கால்பந்துக்காரன் நடிப்பான், ரக்பிக்காரன் அடிபட்டாலும் எழுந்து ஓடுவான் என்று பிரிட்டனில் நெடுங்காலமாக நிலவும் தீர்ப்புக்கு இன்னொரு முத்திரை விழுந்தது.

அந்தத் தீர்ப்பு பாதி சரி. அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு.

ரக்பிக்காரர்கள் இயல்பிலேயே நேர்மையானவர்கள் என்றால் 2009 ஏப்ரலில் லண்டனில் நடந்ததை என்னவென்பது? லெய்ன்ஸ்டருடனான ஐரோப்பியக் காலிறுதியில் ஹார்லிக்வின்ஸ் வீரர் டாம் வில்லியம்ஸ், போலி ரத்தக் குப்பியைக் கடித்து வாயெல்லாம் சிவப்பாக வெளியேறினார். ரத்தக் காயத்துக்கு மாற்று ஆளை இறக்கலாம் என்பது விதி. ஏற்கெனவே வெளியே போயிருந்த கோல் உதைப்பாளரைத் திரும்பக் கொண்டுவரவே அந்த நாடகம். பிறகு காயம் நிஜமாகத் தெரிய வேண்டுமென்று உதட்டையே கீறினார்கள். முன்பும் நான்கு முறை இப்படிப் போலி ரத்தம் பயன்பட்டது விசாரணையில் வெளிவந்தது. பயிற்சி இயக்குநர் டீன் ரிச்சர்ட்ஸுக்கு மூன்றாண்டுத் தடை. கால்பந்தில் இதற்கு இணையான நடிப்பைத் தேடத்தான் வேண்டும்.

மறுபக்கம், 1997இல் ஆர்சனலுக்கு எதிராகத் தனக்குக் கிடைத்த பெனால்டியை, கோல்கீப்பர் தன்னைத் தொடவேயில்லை என்று நடுவரிடம் சொல்லி மறுக்கப் பார்த்தவர் லிவர்பூலின் ராபி ஃபௌலர். 2019இல் எதிரணி வீரர் காயத்தோடு கிடக்கும்போது தன் அணி கோல் போட்டுவிட்டதென்று, பதிலுக்கு ஆஸ்டன் வில்லாவைத் தடுக்காமல் கோல் போட விடச் சொன்னவர் லீட்ஸ் பயிற்சியாளர் பியல்சா. இரண்டும் விதிவிலக்கு என்பார்கள். குப்பிக் கதையைச் சொன்னாலும் அதையேதான் சொல்வார்கள்.

உண்மையில் இங்கே எடைபோடப்படுவது ஆட்டமல்ல, ஆடுகிறவனின் வர்க்கம். ரக்பி தனியார் பள்ளிகளில் வளர்ந்தது. வேலையை விட்டு ஆடவரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைத் தரக்கூடாது என்று பிடிவாதம் பிடித்ததால் 1895இல் வடக்கு இங்கிலாந்துக் கிளப்புகள் பிரிந்தே போயின. (தெற்கு வேல்ஸின் சுரங்கத் தொழிலாளிகளும் அதே ரக்பியைத்தான் ஆடினார்கள் என்பது இந்தக் கனவான் கதையில் எப்போதும் விட்டுப்போகும்.) சட்டமும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது. ஹெய்சல் மைதானத்தில் கால்பந்து ரசிகர் கலவரத்தில் 39 பேர் இறந்த 1985இல் வந்த சட்டப்படி, இங்கிலாந்தின் பெரிய கால்பந்து ஆட்டங்களில் மைதானம் கண்ணில் படும் இருக்கையில் உட்கார்ந்து மது குடிப்பது குற்றம். அன்று ரசிகர் வன்முறை நிஜம், சட்டம் தேவைப்பட்டது. ஆனால் ட்விக்கன்ஹாமில் ரக்பி ரசிகர் பீர் கோப்பையோடு இருக்கையில் அமரலாம் என்பது இன்றும் எந்த நியாயத்தில்?

சரியான பாதிக்கு வருவோம். நடுவரை ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டு கத்துவதைக் கால்பந்தில் வாராவாரம் பார்க்கிறோம், ரக்பியில் அபூர்வம். காரணம் வளர்ப்பு அல்ல, விலை. தண்டனைக்குப் பின் வாய்காட்டினால் பந்து பத்து மீட்டர் முன்னே போகும். அங்கிருந்து உதைத்தால் பல நேரம் மூன்று புள்ளி. மஞ்சள் அட்டை என்றால் பத்து நிமிடம் ஆள் குறைவு. நடுவரின் மைக் திறந்திருப்பதால் ஏசுகிறவன் குரல் வீடு வரை கேட்கும்.

பத்து கெஜ விதியை இங்கிலாந்துக் கால்பந்தும் முயன்று பார்த்து, 2005இல் கைவிட்டது. அதில் நமக்கு வருத்தமில்லை. கோலுக்கு நெருங்க நெருங்கத் தடுப்புச் சுவரைத் தாண்டிப் பந்தை இறக்குவது கடினம், ஆகவே அந்தத் தண்டனை சில சமயம் சலுகையாகிவிடும். பத்து நிமிட வெளியேற்றம் அப்படியல்ல. இங்கிலாந்தின் 31 அடிமட்ட லீகுகளில் சோதித்தபோது நடுவரை எதிர்த்துப் பேசுவது 38 சதவீதம் குறைந்தது. 2019 முதல் அங்கே அது நிரந்தர விதி. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஆடும் பெயிண்டருக்குப் பொருந்தும் விதி, வாரம் லட்சக்கணக்கில் பவுண்டு வாங்கும் நட்சத்திரத்துக்கு ஏன் பொருந்தாது? 2024இல் அதே வெளியேற்றத்துக்கு நீல அட்டை காட்டும் யோசனை எழுந்தபோது ஃபிஃபா தலைவர் இன்ஃபன்டினோ அதை ஒரேயடியாக நிராகரித்தார். யூரோ 2024இல் கேப்டன் மட்டுமே நடுவரிடம் பேசலாம் என்று கொண்டுவந்தது நல்ல தொடக்கம். அதோடு வெளியேற்றமும் திறந்த மைக்கும் சேர வேண்டும். இன்ஃபன்டினோ தன் முடிவை மாற்ற வேண்டும்.

ரக்பியும் மெத்தனமாக இருக்க முடியாது. 2021இல் தென்னாப்பிரிக்க அணியின் ரக்பி இயக்குநர் ராசி எராஸ்மஸ் ஒரு நடுவரின் பிழைகளை அடுக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் காணொளி வெளியிட்டுத் தடை வாங்கினார். 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்குப் பின் காணொளி நடுவர் டாம் ஃபோலி, இணையத்தில் வந்த வசைகளும் மிரட்டல்களும் தாங்காமல் சர்வதேசப் பணியிலிருந்தே விலகினார். பத்து மீட்டர் விதி எட்டாத இடத்தில் கனவான்களின் ரசிகர்கள் எழுதியவை அவை.