மருதானை: முடிகின்ற இடமா, கடக்கின்ற இடமா?

யாழ்ப்பாணத்திலிருந்து இரவுத் தபால் வண்டியில் கொழும்புக்கு வந்து பழகியவர்களுக்கு, கோட்டைக்கு முன்னதாகவே கொழும்பு வந்துவிடும். விடிந்தும் விடியாத பொழுதில் வண்டி தெமட்டகொடையைத் தாண்டி வேகம் குறைந்து, தண்டவாளங்கள் இரண்டாகி, நான்காகி, எண்ண முடியாத அளவுக்குப் பெருகும்போது, "மருதானை வந்திட்டுது, எழும்பு" என்று அம்மா தோளைத் தட்டுவார். கொட்டாஞ்சேனைக்கும் ஆமர் வீதிக்கும் போகின்றவர்கள் அங்கேயே இறங்கிவிடுவார்கள். வெள்ளவத்தைக்குப் போகின்ற நாங்களோ கோட்டை வரை சென்று, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேடை மாறி, கரையோர வண்டிக்காகக் காத்திருப்போம். ஒரே வண்டியில் வந்த உறவினர்கள் இரண்டாகப் பிரிகின்ற இடம் மருதானை.

அன்று சிறுவனாக எனக்கு எழுந்த கேள்வி எளிமையானது: இந்த வண்டியே அப்படியே வெள்ளவத்தைக்குப் போனால் என்ன? பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்து, ஐம்பதைத் தாண்டிய பின்னரும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதற்கான விடை மருதானையின் வரலாற்றில் இருக்கிறது.

இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864 டிசம்பர் 27 ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. ஐம்பத்து நான்கு கிலோமீற்றர் தூரம். அதன் கொழும்பு முனையம் அமைந்தது கோட்டையில் அன்று. இன்றைய மருதானை நிலையத்துக்கு அண்மையில். 1867 இல் பாதை கண்டியை எட்டியது. இவ்வளவு அவசரம் எதற்காக? மக்கள் பயணம் செய்வதற்காக என்று யாரேனும் எண்ணினால் அது தவறு. மலையகத்தின் கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் நாட்கணக்கில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தன. அவற்றை விரைவாகத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதே தோட்டத் துரைமாரின் கோரிக்கை. 1869 இல் தலைகாட்டிய இலைநோய் சில ஆண்டுகளில் கோப்பியை அழித்துவிட்டது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. சரக்கு மாறியதேயன்றித் திசை மாறவில்லை. மலையிலிருந்து கப்பலுக்கு என்பதே இந்தப் பாதையின் பிறவிக் குணம்.

மற்றைய பாதைகள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டவை. கரையோரப் பாதை 1877 இல் பாணந்துறையையும் 1895 இல் மாத்தறையையும் அடைந்தது. களனிவெளிப் பாதை இரண்டரை அடிக் குறுகிய பாதையாக 1902 இல் அவிசாவளைக்குத் திறக்கப்பட்டது. ஐந்தரை அடி அகலப் பாதையில் ஓடும் வண்டி அதில் ஓட முடியாது. ஆகவே, மருதானையில் இரு வேறு உலகங்கள் அருகருகே நின்றன. 1990களில்தான் அவிசாவளை வரையிலான பாதை அகலமாக்கப்பட்டது. இன்றைய மருதானை நிலையம் 1908 இலும், கோட்டை நிலையம் 1917 இலும் திறக்கப்பட்டன. பழைய முனையக் கட்டடம் பின்னாளில் சில காலம் புகையிரத அருங்காட்சியகமாக இருந்தது. 2014 இல் அருங்காட்சியகம் கடுகண்ணாவைக்கு மாற்றப்பட்டது.

இனி நிலையத்தின் அமைப்பைப் பார்ப்போம். கோட்டையும் மருதானையும் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் இடைவெளியில் உள்ளன. இந்த இரண்டு கிலோமீற்றர்தான் நாட்டின் தொண்டைக்குழி. மருதானைக்குக் கிழக்கே பிரதான பாதை தெமட்டகொடை, களனி வழியாகச் செல்கிறது. ராகமையில் புத்தளம் பாதை பிரிகிறது. பொல்காவலையில் வடக்கும் மலையகமும் பிரிகின்றன. மாகோவில் கிழக்குக்கான பாதை பிரிகிறது. மதவாச்சியில் மன்னாருக்கான பாதை பிரிகிறது. ஆக, யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, பதுளை, புத்தளம் ஆகிய எந்த ஊருக்குக் கொழும்பிலிருந்து புறப்பட்டாலும் மருதானையைக் கடந்தே ஆகவேண்டும். களனிவெளிப் பாதை மருதானையிலேயே கிளைத்து பொரளை, நுகேகொடைப் பக்கம் திரும்புகிறது. மேற்கே கோட்டையைத் தாண்டிக் கரையோரப் பாதை கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எனக் கடலோடு ஒட்டிச் செல்கிறது. மருதானையில் ஒரு சமிக்ஞை பழுதடைந்தால் ராகமையிலும் தெஹிவளையிலும் நுகேகொடையிலும் அலுவலகம் செல்வோர் கைக்கடிகாரத்தைப் பார்க்க நேர்வதன் காரணம் இதுதான்.

இயந்திரக் கொட்டகை இருப்பது தெமட்டகொடையில். கோட்டையில் பயணிகளை இறக்கிவிட்ட வண்டிகளை நிறுத்திவைக்க அங்கே போதிய இடமில்லை. எனவே, கரையோரத்திலிருந்து வரும் வண்டிகள் பல மருதானை வரை வந்தே ஓய்கின்றன. மாலையில் அங்கிருந்தே புறப்படுகின்றன. இந்த நுட்பத்தை அனுபவசாலிகளான பருவச்சீட்டுக்காரர்கள் நன்கறிவார்கள். கோட்டையில் ஏறினால் நிற்கத்தான் இடம் கிடைக்கும் என்பதால், மாலையில் எதிர்த் திசையில் மருதானைக்குப் போய், அங்கே வெற்று வண்டியில் யன்னலோர ஆசனத்தைப் பிடித்து, மீண்டும் கோட்டை வழியாக வீடு திரும்புவார்கள். நானும் அவ்வாறு பல மாலைகள் வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறேன். ஓர் ஆசனத்துக்காக மனிதன் முன்னோக்கிப் போவதற்குப் பதிலாகப் பின்னோக்கிப் போகிறான் என்றால், குறை மனிதனிடம் இல்லை. கால அட்டவணையிலேயே இருக்கிறது.

என்னுடைய வாதம் இதுதான். மருதானையை நாம் ஒன்றரை நூற்றாண்டாக ஒரு முடிவிடமாகவே நடத்தி வருகிறோம். மூட்டைகளுக்கு முடிவிடம் வேண்டும். கப்பல் அங்கேதான் நிற்கிறது. மனிதர்களுக்கு அப்படியல்ல. கம்பஹாவில் குடியிருப்பவர் பம்பலப்பிட்டியில் வேலை செய்கிறார். மொரட்டுவையில் குடியிருப்பவரின் பிள்ளை களனிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறது. இவர்களுக்கு வேண்டியது கொழும்பைக் கடந்து செல்லும் வண்டி. பிரதான பாதையிலிருந்து கரையோரப் பாதைக்கு நேரடியாக ஓடும் அலுவலக வண்டிகள் சில இல்லாமல் இல்லை. ஆனால், அவை சலுகை போல் ஓடுகின்றனவேயன்றி ஒழுங்காக அமைக்கப்படவில்லை.

ஜேர்மனியின் மூனிச் நகரம் 1972 ஒலிம்பிக் போட்டியை ஒட்டித் தனது கிழக்கு, மேற்கு நிலையங்களை நகருக்கு அடியில் சுரங்கம் தோண்டி இணைத்தது. புறநகர் வண்டிகள் அன்றுமுதல் நகரைக் கடந்து ஓடுகின்றன. அவர்கள் பெருஞ்செலவில் தோண்டிப் பெற்ற இணைப்பு, நமக்குத் தரைமேலேயே, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கிடைத்திருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகின்ற கதைதான் நம்முடையது.

இதற்கு மறுப்பும் உண்டு. அதை மறைப்பது நியாயமன்று. கடந்து ஓடும் வண்டி தாமதத்தையும் சுமந்துகொண்டு ஓடும். ராகமையில் ஏற்பட்ட தாமதம் பாணந்துறை வரை தொற்றும். களனிவெளிப் பாதையோ ஒற்றைப் பாதை. வீதிக் கடவைகள் நிறைந்தது. அதைப் பிரதான பாதையோடு பிணைத்தால் சிக்கல் பெருகும் என்பார்கள். உண்மைதான். ஆகவே, முதலில் பிரதான, கரையோரப் பாதைகளை மாத்திரம் இணைத்து, சமிக்ஞைகளைச் சீர்செய்து, இருபுறமும் இயந்திர அறை கொண்ட வண்டித் தொடர்களை அதற்கென ஒதுக்க வேண்டும். பி. டி. ராம்பால பொது முகாமையாளராக இருந்த 1950களிலும் 60களிலும் நீராவி போய் டீசல் வந்தது. கொழும்புப் பகுதிக்கு வண்ண விளக்குச் சமிக்ஞை வந்தது. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. இருந்த தண்டவாளத்தின் மேலேயே இவ்வளவும் செய்யப்பட்டன. மாலபையிலிருந்து கோட்டை வரை ஓடவிருந்த இலகு ரயில் திட்டம் 2020 இல் கைவிடப்பட்ட பின்னர், இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்துவதைத் தவிர நமக்கு வேறு குறுக்கு வழி இல்லை.

தமிழராகிய நமக்கு இதில் தனியான அக்கறையும் உண்டு. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றுபோனது. வடக்கில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014 ஒக்ரோபர் 13 ஆம் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடையும் வரை, ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் மருதானை எங்களுக்கு உள்ளூர் நிலையமாகச் சுருங்கிக் கிடந்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, அந்தத் தண்டவாளம் யாழ்ப்பாணம் வரை நீள்கிறது என்பதை அறியாமலேயே வளர்ந்துவிட்டது.

பின்னர் வடக்குக்கான வண்டிகள் சில கல்கிசையிலிருந்தே புறப்பட ஏற்பாடு செய்யப்பட்டது. கடந்து ஓடும் வண்டி சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நானூறு கிலோமீற்றர் ஓடும் வண்டியால் மருதானையைக் கடக்க முடியுமானால், நாற்பது கிலோமீற்றர் ஓடும் வண்டியால் ஏன் முடியாது?

அப்படியொரு வண்டியில் கல்கிசையில் ஏறி அமர்ந்து வடக்கே போனபோது, கோட்டையைத் தாண்டிச் சற்று நேரத்தில் மருதானை மேடை யன்னலுக்கு வெளியே வந்தது. பழக்கத்தில் கை பெட்டியைத் தேடியது. இறங்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.