ஒரே பிள்ளைக்கு எத்தனை ஓட்டம்?

முதலாம் தவணை என்றாலே இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம்தான். இரத்தோட்டையிலும் உக்குவளையிலும் மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு விழும். தம்புள்ளைப் பக்கம் பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும். நன்றாக ஓடும் பிள்ளை ஒன்று அகப்பட்டால் போதும், 100 மீற்றர், 200 மீற்றர், நீளம் பாய்தல், அஞ்சலோட்டம், மரதன் என்று எல்லாப் பட்டியலிலும் அதே பெயர். இல்லத்துக்குப் புள்ளி வேண்டுமே! அது முடிந்தால் வலயம், மாகாணம், அகில இலங்கை. இடையில் கரப்பந்தாட்ட அணி. இரவில் டியூசன்.

அந்தப் பிள்ளை இந்த வாரம் மொத்தம் எவ்வளவு உழைத்தது என்று கேட்டால், மாத்தளை மாவட்டத்தின் பெரும்பாலான பாடசாலைகளில் பதில் கிடைக்காது. ஓட்டம் பழக்குபவருக்கு ஓட்டத்தின் கணக்குத் தெரியும், கரப்பந்து பழக்குபவருக்குக் கரப்பந்தின் கணக்கு. கூட்டிப் பார்ப்பவர்தான் இல்லை.

கிரிக்கெட்டில் இந்தக் கூட்டல் எப்போதோ வந்துவிட்டது. 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரே மூச்சில் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர், அதற்கு மேல் வீசக்கூடாது என்று இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை பல ஆண்டுகள் விதி வைத்திருந்தது. வளரும் முதுகெலும்பில் வெடிப்பு விழும் என்ற பயமே காரணம். ஓடுகிற பிள்ளைக்கும் அதே வளரும் எலும்புதான். திடீரென்று உயரம் கூடும் வயதில் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்று சொன்னால், "சோம்பல்" என்று தட்டிக்கழிப்பது நம் மைதானங்களில் சாதாரணம்.

கூட்டிப் பார்ப்பதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. அமெரிக்க விளையாட்டு விஞ்ஞானி கார்ல் ஃபொஸ்டர் பரப்பிய முறைக்கு ஒரு சி.ஆர். கொப்பி போதும். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, "எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பத்துக்கு எத்தனை?" என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும். 50 நிமிடப் பயிற்சிக்கு 8 என்றால் சுமை 400. மறுநாள் 40 நிமிட மெல்லோட்டத்துக்கு 3 என்றால் 120. வாரக் கடைசியில் கூட்டினால், போன வாரத்தைவிடச் சுமை சட்டென்று எகிறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கரப்பந்தும் அதே பக்கத்தில் ஏற வேண்டும். தோட்டத்து லயத்திலிருந்து மலைப்பாதையில் நடந்து வரும் பிள்ளைக்கு அந்த நடையையும் மறக்கக் கூடாது.

தூக்கத்துக்கும் அங்கே ஒரு நிரல் வேண்டும். 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பள்ளி வீரர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 1.7 மடங்கு என்று 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. விடியற்காலைப் பயிற்சியும் இரவு டியூசனும் சேர்ந்தால் 8 மணி நேரம் எங்கிருந்து வரும்?

"இப்படிக் கணக்குப் பார்த்தால் பதக்கம் வருமா?" என்று கேட்பவர்கள் பக்கத்துக் கண்டி மாவட்டத்தின் வலல ரத்நாயக்க மத்திய கல்லூரியைக் காட்டுவார்கள். அங்கே படித்த தருஷி கருணாரத்ன 2023இல் பேங்கொக் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் 800 மீற்றரை 2 நிமிடம் 00.66 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் தங்கம். கடும் பயிற்சி இல்லாமல் அது நடக்காது, உண்மை. ஆனால் அவருக்கு சுசந்த பெர்னாண்டோ என்ற பயிற்றுவிப்பாளர் இருந்தார். பிள்ளையின் முழுச் சுமையையும் ஒருவர் அறிந்திருப்பது அப்படிப்பட்ட இடத்தில்தான் சாத்தியம். மாத்தளையின் சிறு பாடசாலைக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் கொப்பி.

2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். அந்த மரணத்தைப் பயிற்சிச் சுமையோடு முடிச்சுப் போடுவது நியாயமில்லை. ஆனாலும் மரதன் நாளன்று காலையில் பிள்ளைக்குக் காய்ச்சலா, சாப்பிட்டதா, தூங்கியதா என்று யாராவது கேட்டாக வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

வலயக் கல்வி அலுவலகங்கள் போட்டி விண்ணப்பத்தோடு கடைசி நான்கு வாரச் சுமைப் பக்கத்தையும் கேட்கட்டும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு அதில் பதிவாகியிருக்கட்டும். இல்லத் தலைவர்கள் முணுமுணுப்பார்கள், முதல் வருடம் பக்கங்கள் ஒப்புக்கு நிரப்பப்படும். இரண்டாம் வருடம் யாரோ ஓர் ஆசிரியர் உண்மையாகக் கூட்டிப் பார்த்து, ஒரு பெயரை இரண்டு நிகழ்ச்சிகளிலிருந்து வெட்டுவார்.