விளையாடினா பர்சன்டேஜ் குறையாது

மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாம்ல பெத்தவங்க தயங்கித் தயங்கி, குரலை இறக்கிக் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "டாக்டர், பிள்ளைய விளையாட விட்டா பர்சன்டேஜைக் குறைச்சிருவீங்களா?"

சிரிக்காதீங்க. பஸ் பாஸ், உதவித்தொகை, வேலைல இடஒதுக்கீடு எல்லாம் அந்த ஒரு எண்ணுல தொங்குது. பயப்படத்தான் செய்வாங்க.

பதில் இதுதான். காது கேளாமைக்குச் சதவீதம் ஆடியோகிராமை வச்சு முடிவாகுது. கை கால் இழந்தவங்களுக்கு, எந்த மட்டத்துல இழந்திருக்காங்கங்கிறதை வச்சு. கிரவுண்டுல எத்தனை ரவுண்டு ஓடினாங்கன்னு அந்த ஃபார்ம்ல கட்டமே கிடையாது.

நம்ம மதுரைப் பொண்ணு ஜெர்லின் அனிகாவையே எடுத்துக்கங்க. 2022 மே மாசம் பிரேசில்ல நடந்த டெஃப்லிம்பிக்ஸ்ல பேட்மின்டன்ல 3 தங்கம்: ஒற்றையர், கலப்பு இரட்டையர், அணி. அப்புறம் அர்ஜுனா விருதும் வாங்கினாங்க. அந்தப் போட்டியில காது மெஷினைக் கழட்டி வச்சிட்டுத்தான் ஆடணும், அதுதான் விதி.

அதே போட்டியில கோல்ஃப் தங்கமும் இந்தியாவுக்குத்தான். ஹரியானாவைச் சேர்ந்த திக்‌ஷா தாகர். 2017-ல வெள்ளி, 2022-ல தங்கம். நடுவுல டோக்கியோ ஒலிம்பிக்ஸ்லயும் ஆடினாங்க, காது கேட்கிறவங்களோட சரிசமமா.

கோல்ஃபான்னு கேட்பீங்க. மருத்துவரா பார்த்தா ரொம்பத் தோதான ஆட்டம். பந்து அசையாம நிக்குது, யாரும் வந்து மோத மாட்டாங்க, விசில் கேட்கணும்னு இல்லை. செயற்கைக் கால் போட்டவங்க, ஒத்தைக் கைக்காரங்க, உட்கார்ந்தபடியே அடிக்கிறவங்கன்னு எல்லாரும் ஆடுறாங்க. திறமை குறைஞ்சவருக்குச் சலுகை கொடுத்து சமமா மோதவிடுற ஏற்பாடும் அதுல இருக்கு. அதோட பேர் என்ன தெரியுமா? ஹேண்டிகேப்!

ஆனா திக்‌ஷாவோட அப்பா ராணுவ அதிகாரி. ராணுவத்துக்குன்னு கோல்ஃப் மைதானங்கள் இருக்கு. உசிலம்பட்டிப் பிள்ளைக்கு? கோல்ஃப்னா நமக்குக் கொடைக்கானல்தான் ஞாபகம் வரும். வைகைல தண்ணி வந்தா வேடிக்கை பார்க்கப் போற ஊர்ல, அந்தப் புல்லை வளர்க்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். கிட்டத்துல இருந்து பந்தைக் குழிக்குள்ள தள்ளுற பகுதியை மட்டும் ஸ்கூல் வராந்தாவுலயே ஒரு பாய் விரிச்சு ஆடலாம். இல்லையா, ஷட்டில் ஆடட்டும், கேரம் ஆடட்டும்.

இன்னொண்ணு. மெடல் வாங்கினவங்க வீடியோவை அனுப்பி "உன்னால ஏன் முடியாது"ன்னு பிள்ளைய நச்சரிக்காதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வரும். மத்த பிள்ளைங்க மெடலுக்கா தெருவுல ஆடுதுங்க? வீட்டுக்குள்ளயே உட்கார்ந்து எடை கூடி, முப்பது வயசுலயே சுகர் பிரஷரோட வர்றவங்களை ஓ.பி.ல பார்க்கிறேன். முதல் குறைபாட்டுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாம இருந்திருக்கலாம். இது அப்படி இல்லை.

கவனிக்க வேண்டியதும் இருக்கு. தண்டுவடத்துல அடிபட்டவங்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழ வியர்க்காது. நம்ம வெயில்ல உடம்புச் சூடு சரசரன்னு ஏறிடும், அதனால காலை எட்டு மணிக்குள்ள முடிச்சிருங்க. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்களுக்குக் கழுத்தெலும்பு தளர்வா இருக்கலாம், குட்டிக்கரணம், மல்யுத்தம் மாதிரி எதுக்கும் முன்னாடி டாக்டர்கிட்ட காட்டிருங்க. சுகரால கால் எடுத்தவங்க, ஆடி முடிச்சதும் செயற்கைக் காலைக் கழட்டிப் புண் இருக்கான்னு பாருங்க.

பி.டி. பீரியட்ல பிள்ளைய மரத்தடியில உட்கார வைக்கிறாங்களா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16-வது பிரிவு: அரசு நிதியிலயோ அங்கீகாரத்துலயோ நடக்கிற பள்ளிகள் மத்தவங்களுக்குச் சமமா விளையாட்டு வாய்ப்பு தரணும். ஹெச்.எம்.கிட்ட சண்டை வேணாம், இதைக் காட்டிப் பேசுங்க. காது கேளாத பிள்ளைன்னா வாத்தியார் விசிலுக்குப் பதிலா ஒரு கொடி வச்சுக்கிட்டா போதும்.

மதுரை, திருமங்கலம், மேலூர் பக்கம் இப்படிப் பிள்ளைங்களைச் சேர்த்துக்கிற கோச் யாரையாவது தெரிஞ்சா கீழ சொல்லுங்க. முகாம்ல கேட்கிறவங்களுக்குச் சான்றிதழோட சேர்த்து எழுதிக் கொடுக்கிறேன்.