குழந்தையின் மூளைக்கு எது ஊட்டம்?

இலண்டனில் எம்மவரின் பலசரக்குக் கடைகளில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகக் கண்ணிற் படுவன, குழந்தைகளுக்கான சத்துமா ரின்களும் சிரப் போத்தல்களுமாகும். உயரம் கூடும், ஞாபகசக்தி பெருகும், மூளை வளரும் என்றெல்லாம் அவற்றின்மேல் எழுதியிருக்கும். இரண்டு வேலை செய்து ஒவ்வொரு பவுணையும் எண்ணிச் செலவிடும் தகப்பனார்கூட இவற்றின் விலையைப் பார்ப்பதில்லை. வீடு வளவை விட்டுவந்த எமக்குப் பிள்ளைகளின் படிப்பே எஞ்சியுள்ள முதுசொம். ஆதலால் அந்தப் பெற்றாரின் மனம் எமக்கு விளங்காததன்று. ஆயினும், அப்பணம் பிள்ளையின் மூளைக்குத்தான் போய்ச் சேர்கின்றதா என்பதைச் சற்று ஆறஅமர இருந்து சிந்திப்பது நன்று.

இவ்விடயத்தில் உலகுக்கு நல்லதொரு பாடத்தைக் கற்பித்த நாடு ஜமேக்கா. 1980களின் பிற்பகுதியில், அந்நாட்டுத் தலைநகரான கிங்ஸ்ரனின் வறிய குடும்பங்களிலிருந்து, வயதுக்கேற்ற உயரம் வளராத 129 குழந்தைகளை ஆய்வாளர் தெரிந்தெடுத்தனர். அவர்களின் வயது 9 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடைப்பட்டது. குழந்தைகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால்மா வழங்கப்பட்டது. இன்னொரு குழுவின் வீடுகளுக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒருமுறை சென்று, ஒரு மணிநேரம் தாயையும் பிள்ளையையும் வைத்து விளையாடினார். வீட்டிற் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு செய்த விளையாட்டுச் சாமான்களே அவர் கொண்டுசென்றவை. பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எதைக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுப்பது, எப்போது பாராட்டுவது என்பவற்றைத் தாய்க்குப் பழக்கினார். மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காவது குழுவுக்கு இவையிரண்டும் இல்லை.

இரண்டு ஆண்டுகளின் பின் சோதித்தபோது, பால்மா பெற்ற பிள்ளைகளும் முன்னேறியிருந்தனர். விளையாட்டுப் பெற்ற பிள்ளைகளும் முன்னேறியிருந்தனர். இரண்டும் பெற்றவர்களே முன்னணியில் நின்றனர். இம்முடிவு 1991இல் வெளியாயிற்று. கதை அத்துடன் முடியவில்லை. அதே பிள்ளைகள் 22 வயதினராகி வேலைக்குச் சென்றபின் ஆய்வாளர் மீண்டும் அவர்களைத் தேடிச் சென்றனர். 2014இல் வெளியான அவ்வாய்வின்படி, சிறுவயதில் விளையாட்டும் பேச்சும் பெற்றவர்களின் உழைப்பு, பெறாதவர்களின் உழைப்பிலும் ஏறத்தாழ 25 வீதம் அதிகமாயிருந்தது. பால்மாவை மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நிலையான பயனைக் காணமுடியவில்லை.

அப்படியாயின் ஊட்டம் வேண்டியதில்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். அவ்வாறு பொருள் கொள்வது பெருந்தவறு. இல்லாத சத்தைக் கொடுத்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். இருக்கின்ற சத்துக்கு மேலே சத்தைக் கொட்டினால் மூளை இரட்டிப்பாகாது. இலங்கையிலே கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் திரிபோஷா வழங்கப்பட்டதும் இந்த அடிப்படையிலேதான். எனவே இந்த நாட்டில் எம் பிள்ளைகளுக்கு உண்மையிற் குறையக்கூடியவை எவை என்று அறிவதே முதற் கடமை. அவற்றுள் முக்கியமானவை இரண்டு: விற்றமின் டி, இரும்புச்சத்து.

விற்றமின் டியை எமது உடல் பெரும்பாலும் வெயிலிலிருந்தே ஆக்கிக்கொள்கின்றது. யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைக்கும் உட்பட்டது. இலண்டனோ 51 பாகைக்கு அப்பால் உள்ளது. ஒக்ரோபர் தொடக்கம் மார்ச் முற்பகுதி வரை இங்கு வெயில் எறித்தாலும் அதற்கு வேண்டிய கதிர் அதில் இல்லை. யன்னற் கண்ணாடிக்கு உள்ளே இருத்தி வெயில் காட்டுவதாலும் பயனில்லை. கருமை நிறத் தோல் கடும் வெயிலிலிருந்து எம்மைக் காத்தது. மெல்லிய வெயிலில் அதுவே விற்றமின் உருவாவதைத் தாமதிக்கின்றது. இதன் விளைவு புதியதன்று. 1960களிலும் 1970களிலும் கிளாஸ்கோ முதலிய நகரங்களில் குடியேறிய தென்னாசியப் பிள்ளைகளிடையே, என்பு மெலிந்து கால்கள் வளையும் 'றிக்கற்ஸ்' நோய் மீண்டும் தலைகாட்டியது. அதனைத் தடுப்பதற்கென 1981இல் பிரித்தானியாவில் தனியான இயக்கமே நடத்தப்பட்டது.

இந்நோயைத் தடுக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்தது முதல் நாளொன்றுக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராம் வரையும், ஒரு வயது தொடக்கம் நான்கு வயது முடியும்வரை 10 மைக்ரோகிராமும் விற்றமின் டி கொடுக்குமாறு இந்நாட்டுச் சுகாதாரப் பகுதியினர் கூறுகின்றனர். ஆறு மாதத்தின் பின் ஏ, சி, டி மூன்றும் சேர்ந்த துளிமருந்தைக் கொடுக்கலாம். நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் குழந்தைப் பால்மாப் பால் குடிக்கும் பிள்ளைக்கு இத்துளிகள் வேண்டியதில்லை. பால்மாவிலேயே அவை சேர்க்கப்பட்டுள்ளன. வருமானம் குறைந்த குடும்பங்களுள் 'ஹெல்தி ஸ்ராட்' திட்டத்துக்குத் தகுதியுடையோர்க்கு இவை இலவசம். தகுதி ஒவ்வொருவரின் வதிவிட நிலையையும் கொடுப்பனவையும் பொறுத்தது. வீட்டுக்கு வரும் ஹெல்த் விசிற்றரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்.

கொடுப்பது நல்லதென்றால் இரட்டிப்பாய்க் கொடுப்பது மேலும் நல்லதென எண்ணலாகாது. 1950களில் இந்நாட்டுக் குழந்தை உணவுகள் பலவற்றிலும் விற்றமின் டி அளவுக்கு மீறிச் சேர்ந்தமையால், சில குழந்தைகளின் இரத்தத்திற் கல்சியம் மிகுந்து நோயுற்றனர். பின்னர் அளவு குறைக்கப்பட்டது. துளிமருந்தும் கொடுத்து, மேலே சிரப்பும் மீனெண்ணெயும் ஊட்டுகின்ற தாய்மார் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இரும்புச்சத்தின் கதை இன்னும் கவனத்திற்குரியது. தாயின் வயிற்றிலிருந்து பிள்ளை கொண்டுவந்த இரும்பின் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கே போதும். அதன்பின் உணவிலிருந்தே வரவேண்டும். மூளை விரைந்து வளரும் காலமும் அதுவே. கொஸ்ராறிக்காவில், கைக்குழந்தைப் பருவத்தில் கடும் இரும்புக் குறைவுற்றிருந்த பிள்ளைகளை ஆய்வாளர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். மருந்தால் இரத்தம் சீரான பின்னரும், ஐந்து வயதுச் சோதனைகளில் அவர்கள் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னே நின்றனர். பின்னாளில், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடத்து அந்த இடைவெளி மேலும் அகன்றது. வருமுன் காத்தலே இங்கு சிறந்தது.

எம் வீடுகளில் இக்குறைவுக்குப் பெரிய காரணம் வறுமையன்று, பாற்போத்தலே. இரண்டு மூன்று வயதுவரை பகலும் இரவும் பசுப்பாலைப் போத்தலில் நிரப்பிக் கொடுப்பதால் பிள்ளையின் வயிறு நிறைகின்றது, பசி போகின்றது, சோற்றைத் தள்ளிவிடுகின்றது. பசுப்பாலில் இரும்பு மிகச் சொற்பம். ஒரு வயதுக்கு முன் பசுப்பாலைக் குடிபானமாகக் கொடுத்தல் ஆகாது. ஒரு வயதின் பின் நாளொன்றுக்கு 350 மில்லிலீற்றர் அளவு போதும். ஆறு மாதத்தின்பின் மசித்த பருப்புச் சோறு, கீரை, முட்டை, முள் நீக்கிய மீன், நன்கு வேகவைத்து அரைத்த இறைச்சி என எம் சமையலறையில் உள்ளவற்றையே உப்பும் உறைப்பும் சேர்க்காது கொடுக்கலாம். மரக்கறி மட்டும் உண்ணும் குடும்பத்தினர் பருப்போடும் கீரையோடும் தோடம்பழம், தக்காளி போன்றவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். தேநீர் அதனைத் தடுக்கும். குழந்தைக்குத் தேநீர் வேண்டவே வேண்டாம். இரும்புச் சிரப்பை வைத்தியரின் ஆலோசனையின்றிக் கொடுத்தலாகாது. தாய்மார் தாம் உட்கொள்ளும் இரும்பு மாத்திரைகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்திற் பூட்டி வையுங்கள். இனிப்பென எண்ணி விழுங்கும் பிள்ளையின் உயிருக்கே அவை ஆபத்தானவை.

இவ்வளவையும் செய்தபின் எஞ்சுவது, ஜமேக்காவின் தாய்மார் செய்த வேலை. ஊரிலே அதை அம்மம்மாவும் மாமிமாரும் அயலவரும் பகிர்ந்து செய்தனர். பிள்ளை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாறும்போதெல்லாம் புதுச்சொல் ஒன்றைக் கேட்டது. இங்கோ தாயும் தகப்பனும் வேலைமுறை மாறிமாறிச் செல்ல, பூட்டிய கதவுக்குள் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியுமே பிள்ளையோடு பேசுகின்றன. அவை பேசும், பிள்ளை சொல்வதைக் கேளா.

ஆங்கிலம் நன்றாய்த் தெரியாததால் பிள்ளையோடு எதைப் பேசுவது எனத் தயங்கும் தாய்மார் உளர். தயங்க வேண்டியதில்லை. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் உங்களுக்கு நன்றாய் வரும் தமிழிலேயே பேசுங்கள். பஸ்ஸிற் போகும்போது காண்பதையெல்லாம் பெயர் சொல்லிக் காட்டுங்கள். தமிழில் வளமாய்ப் பேசக் கேட்ட பிள்ளை பாலர் வகுப்பில் ஆங்கிலத்தையும் பற்றிக்கொள்ளும். உங்கள் பகுதி நூலகத்திற் கைக்குழந்தையையும் அங்கத்தவராகச் சேர்க்கலாம்; கட்டணம் இல்லை. அடுத்த முறை கடையில் அந்த விலையுயர்ந்த ரின்னைக் கையில் எடுக்கும்போது, பிள்ளைக்கு இன்று துளிமருந்து கொடுத்தோமா, கீரை ஊட்டினோமா, ஒரு கதை சொன்னோமா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் ரின்னைத் தட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.