அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் ஓடுமா?

வீட்டின் பின்புறம் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதன்மேல் கோணிச் சாக்கு போட்டு மூடியிருக்கிறார்கள். சீட்டின் மேல் கோழி உட்கார்ந்திருக்கிறது. டயரில் காற்று இல்லை.

அது அப்பா ஓட்டிய வண்டி. அப்பா இப்போது இல்லை. விற்க மனம் வரவில்லை. ஓட்டவும் வழி தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இப்படி எத்தனையோ வீடுகள்! சில வீட்டில் புல்லட். சில வீட்டில் ராஜ்தூத். சில வீட்டில் எஸ்டி, ஆர்.எக்ஸ். 100.

"இதைப் புதுப்பித்து ஓட்டுகிறேன்" என்கிறான் மகன். "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்" என்கிறார் மாமா. "அவர் ஞாபகமாக நிற்கட்டும்" என்கிறாள் அம்மா.

யார் சொல்வது சரி?

முன்பெல்லாம் இதற்கு மெக்கானிக் ஒருவரே பதில் சொல்லிவிடுவார். இப்போது அப்படி இல்லை. சில ஆண்டுகளில் சட்டம் கடுமையாகிவிட்டது. கட்டணம் ஏறிவிட்டது. பெட்ரோலே மாறிவிட்டது. ஆகவே, ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பு கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

300 ரூபாய் 2 ஆயிரம் ஆனது

சொந்த உபயோகத்துக்கு உள்ள மோட்டார் சைக்கிளை ஒரு தடவை பதிவு செய்தால் அது 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி, சோதனையில் தேறி, 5 ஆண்டுக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

இதற்கு முன்பு மத்திய அரசு வாங்கிய கட்டணம் 300 ரூபாய். 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அது ஆயிரம் ரூபாய் ஆயிற்று. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இன்னொரு உத்தரவு வந்தது. 20 ஆண்டைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2 ஆயிரம் ரூபாய்! இது தவிர மாநில அரசின் பசுமை வரி வேறு. தாமதமானால் அபராதமும் சேரும்.

பழைய வண்டிகள் புகை கக்குகின்றன, அவற்றை மக்கள் கைவிட வேண்டும் என்பது அரசாங்கத்தின் எண்ணம். அதில் நியாயம் இருக்கிறது. டெல்லி மக்கள் மூச்சு விடத் திணறுவதை எல்லோரும் பார்க்கிறோம். அங்கே 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகளும், 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்ற தடையை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. 2025 ஜூலை 1-ந் தேதி முதல் அத்தகைய வண்டிகளுக்கு பெட்ரோலே ஊற்றக்கூடாது என்றார்கள். மக்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, வயதை மட்டும் பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில், பழைய புகைத் தரத்தில் தயாரான வண்டிகளுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை என்று மாற்றியது.

நல்ல வேளையாக தமிழ்நாட்டில் அப்படி வயதுத் தடை இல்லை. சோதனையில் தேறினால் ஓட்டலாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி புகை கக்குகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பது நியாயம். வயதை மட்டும் பார்த்துக் கட்டணத்தை ஏற்றுவது அவ்வளவு நியாயமாகத் தெரியவில்லை. 20 ஆண்டு ஆன வண்டியை ஓட்டுகிறவர் யார்? பால்காரர், கொத்தனார், சந்தைக்குப் போகும் விவசாயி. புது வண்டி வாங்க வசதி உள்ளவர் எப்போதோ வாங்கிவிட்டாரே!

முதலில் புத்தகம், பிறகு வண்டி

அப்பாவின் பெட்டியைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதில் என்ஜின் நம்பர் இருக்கும். சேசிஸ் நம்பர் இருக்கும். இரண்டும் வண்டியில் அடித்திருக்கும் நம்பருடன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். துரு ஏறியிருந்தால் மண்ணெண்ணெய் போட்டு மெதுவாகத் துடையுங்கள். உப்புத் தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்! நம்பர் தேய்ந்துபோனால் திருட்டு வண்டி என்று சந்தேகப்படுவார்கள்.

உரிமையாளர் இறந்துவிட்டால் 30 நாளில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 3 மாதத்துக்குள் 31-ம் நம்பர் படிவத்தில் பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும். பல வீடுகளில் துக்கத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். வருஷங்கள் ஓடிவிடுகின்றன. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எல்லோரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டிய விஷயம் இது. வண்டிக்கு வர்ணம் பூசி பளபளவென்று ஆன பிறகு கேட்டால், "எனக்கும் பங்கு உண்டே" என்று ஒருவர் கிளம்பக்கூடும். துருப்பிடித்து நிற்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

புத்தகமே கிடைக்காத வண்டியை வெளியில் மலிவாக வாங்காதீர்கள். என்ஜினை மட்டும் மாற்றுவதென்றாலும் முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

வண்டி 50 ஆண்டைத் தாண்டியிருந்தால் வேறு ஒரு வழி உண்டு. 2021-ல் வந்த விதிப்படி அதை பழம்பெரும் வண்டி என்று பதிவு செய்யலாம். மறு பதிவுக் கட்டணம் 5 ஆயிரம். புதிதாகப் பதிவு செய்ய 20 ஆயிரம். ஆனால் அந்த வண்டியை கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் எடுத்துப்போகலாம். தினமும் வேலைக்குப் போக முடியாது. சாதாரணக் குடும்பத்துக்கு இதனால் என்ன பயன்?

அலங்காரத்துக்கும் அளவு உண்டு

இளைஞர்களுக்கு ஆசை வேறு. ஹாண்டிலை உயர்த்த வேண்டும். பின் மட்கார்டை வெட்ட வேண்டும். சைலன்சரை மாற்றி, தெருவே அதிரும்படி போக வேண்டும். சினிமாவிலும் செல்போனிலும் பார்த்து வருகிற ஆசை.

2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. கேரளாவில் இருந்து போன வழக்கு அது. கம்பெனி தயாரித்துக் கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரைச்சல் விதியை மீறினால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் போடலாம். சைலன்சருக்கு ஒரு விலை கொடுத்து, சத்தத்துக்கு இன்னொரு விலை கொடுப்பது என்ன கணக்கு?

சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் 'சாரி கார்டு' கம்பியைத்தான் இளைஞர்கள் முதலில் கழற்றுகிறார்கள். அழகைக் கெடுக்கிறதாம்! பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்று விதியே இருக்கிறது. சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி உயிர் போன செய்திகளைப் பத்திரிகையில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

நிறத்தை மாற்றலாம். ஆனால் அதை ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். பழைய நிறத்தையே பூசிவிட்டால் அந்த அலைச்சலும் இல்லை. புது சீட் உறை போடலாம். டாங்கியில் கையாலேயே தங்க நிறக் கோடு போடுகிற பெயிண்டர்கள் இன்னமும் இருக்கிறார்கள். புல்லட்டுக்கு அதைவிட அழகு வேறு என்ன வேண்டும்?

கையில் உள்ள பணம்

கையில் 20 ஆயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் செய்யும் தவறு என்ன? முதலில் வர்ணம் பூசுகிறார்கள். நிக்கல் முலாம் பூசுகிறார்கள். கடைசியில் பிரேக்குக்குப் பணம் இல்லை!

பணத்தை வண்டியின் கீழிருந்து மேலே செலவு செய்யுங்கள். முதலில் டயர். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். '2219' என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 22-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். பட்டன் தேயாமல் இருந்தாலும், ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயரை நம்பக்கூடாது. அடுத்து பிரேக் கட்டை. பல வருஷம் நின்ற வண்டியில் அது கல்லாகி இருக்கும். பிறகு கேபிள்கள், செயின், வயரிங்.

என்ஜினைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். நீண்ட காலம் நின்ற வண்டியை உடனே உதைக்கவும் கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் கிக்கரை கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே சுற்றினால் பாதிச் செலவு மிச்சம். பழைய ஆயிலை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, பாயிண்டைச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

சாமான் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். புல்லட் நம் ஊர் வண்டி. மெட்ராஸ் மோட்டார்சும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து 1955-ல் என்பீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. இங்கிலாந்து கம்பெனி மூடிப்போனது; நம் ஊர் கம்பெனி நிலைத்தது! ஆகவே அதற்குச் சாமான் கிடைப்பது சுலபம். மைசூரில் 1996 வரை தயாரான எஸ்டிக்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டும். ஆர்.எக்ஸ். 100-க்கு இப்போது மவுசு அதிகம். போலிச் சாமானும் அதிகம். சென்னையில் இருப்பவர்கள் புதுச் சாமானுக்கு ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்கும், பழைய சாமானுக்குப் புதுப்பேட்டைக்கும் போய்ப் பார்க்கலாம். கழற்றிய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் சொல்லி வாங்கினால் ஒன்று பெரிதாக இருக்கும். ஒன்று சிறிதாக இருக்கும்.

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் உதிரிச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். அதிக வரி இருந்த சாமான்களின் வரி 28-ல் இருந்து குறைந்திருக்கிறது. 350 சி.சி. வரை உள்ள புது வண்டிக்கும் அதே சலுகை உண்டு. தினமும் 40, 50 மைல் ஓடுகிறவர், இரண்டு செலவையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. மாமா சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

பெட்ரோலில் என்ன மாற்றம்?

இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பில் இருந்தும் தானியங்களில் இருந்தும் எடுக்கும் சாராயம் அது. பழைய வண்டிகளில் சில ரப்பர் சாமான்களையும் கேஸ்கட்டுகளையும் 20 ஆயிரம், 30 ஆயிரம் கிலோ மீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய அரசே 2025 ஆகஸ்டில் சொன்னது.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். டாங்கியில் தண்ணீர் சேர்ந்தால் துரு பிடிக்கும். ஆகவே, டாங்கியில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள். டாங்கிக்குள் ஏற்கெனவே துரு இருந்தால் பெட்ரோலை முழுவதும் வடித்து, உலர்த்தி, ஒரு பிடி சிறு நட்டுகளும் வினிகரும் போட்டுக் குலுக்குங்கள். பிறகு நன்றாகக் கழுவிக் காயவைத்து, போட்ட நட்டுகளை எண்ணி எடுத்துவிடுங்கள். பெட்ரோல் குழாயை எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாயாக மாற்றுங்கள். சின்னச் செலவுதான். பழைய குழாய் வெடித்து, சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும்?

எல்லாம் முடிந்து ரோட்டுக்கு வரும்போது இன்சூரன்சும் புகைச் சான்றும் கையில் இருக்க வேண்டும். பழைய புல்லட்டாக இருந்தால் இன்னொன்று. அதில் கியர் வலது காலில். பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளுக்கு நேர் தலைகீழ். மைதானத்தில் நாலு நாள் ஓட்டிப் பழகாமல் கடைத்தெருப் பக்கம் போகாதீர்கள்.

"தீபாவளிக்குள் வண்டியைக் கொடுத்துவிடுகிறேன்" என்பார் மெக்கானிக். எந்த தீபாவளி என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.